அத்தெபானின் கல்லைப் போய்ப் பார்

அன்பு மகனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால் பழையபடிதான். மழை தாமதித்தாலும் செதூயி ஒலிவ மரங்கள் கைவிடவில்லை. பறித்தவரை காயைச் செக்குக்குக் கொடுத்தாயிற்று. உனக்கென்று ஐந்து லிட்டர் எண்ணெய் தனியாக எடுத்து வைக்கிறாள் அம்மா. லண்டனுக்கு யார் சுமந்துகொண்டு போவார்கள் என்று கேட்டால் கோபம் வருகிறது அவளுக்கு.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் "எல்லாம் நன்றாக இருக்கிறது பாபா" என்று முடித்துவிடுகிறாய். தாளில் என்றால் நீ குறுக்கே பேச முடியாது.

கோடையில் உன் அத்தை மகன் லியோனிலிருந்து நான்கு நாள் லண்டனுக்கு வந்திருந்தானாம். சொல்லாமல் போய் நிற்கலாம் என்று நீ வேலை பார்க்கும் உணவகத்துக்கே போயிருக்கிறான். கடை சாத்தியிருந்ததாம். விடுமுறை நாளாக இருக்கும் என்றேன். கண்ணாடிக் கதவில் ஏதோ தாள் ஒட்டியிருந்தது மாமா, வெயில் பட்டு மஞ்சளாகியிருந்தது என்றான். அவனுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. நல்லதாயிற்று. அம்மா காதில் போட வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவ்வளவுதான் அந்தச் செய்தி. நான் எழுத உட்கார்ந்தது வேறொன்றைப் பற்றி.

நீ அந்த ஊருக்குப் போய் ஆறு வருடம் ஆகிறது. பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போய், டுக்காவிலிருந்து எடுத்துப் போன நம் கல்லைப் பார்த்தாயா என்று ஆறு வருடமாகக் கேட்கிறேன். நேரமில்லை பாபா, இரண்டு வேளையும் வேலை பாபா என்கிறாய். உள்ளே போக டிக்கெட்கூடக் கிடையாதாமே. இப்போது ஒருவேளை நேரம் இருக்கலாம். இல்லாவிட்டாலும் ஒரு மணி நேரம் ஒதுக்கு. குளிர் தொடங்கியிருக்கும், கழுத்தைப் போர்த்திக்கொண்டு போ.

பத்து வயதில் நீ எப்படி இருந்தாய் தெரியுமா? பயணிகளாக வரும் பிரெஞ்சுக்காரர்களை டுக்கா இடிபாடுகளின் காற்றுச் சதுக்கத்தில் வட்டமாக நிறுத்தி, தரையில் செதுக்கியிருக்கும் பன்னிரண்டு காற்றின் பெயர்களையும் மூச்சு விடாமல் சொல்வாய். ஆஃப்ரிகஸ் என்று சொல்லும்போது மட்டும் குரலை உயர்த்துவாய், அது நம் காற்று என்று. மூவாயிரத்து ஐந்நூறு பேர் உட்காரும் அரங்கத்தில் மேல் படியில் நான் நிற்பேன். நீ கீழே மேடையிலிருந்து கிசுகிசுப்பாய். எனக்குத் தெளிவாகக் கேட்கும். இப்போது போனில் நீ கத்தினாலும் பாதிதான் கேட்கிறது.

கல்லுக்கு வருகிறேன். நம் கல்லறைக் கோபுரத்தில் இருந்த கல் அது. ஒரு பக்கம் கார்த்தேஜ்காரர்களின் பியூனிக் எழுத்து, பக்கத்திலேயே நம் முன்னோரின் லிபிய எழுத்து. பியூனிக்கை வாசிக்கத் தெரிந்ததால்தான் அதை வைத்து மற்றதைப் பிடித்தார்கள். இரண்டாயிரத்து நூறு வருடங்களுக்கு மேலான கல். முதலில் வரும் பெயர் அத்தெபான், இயெப்மதத்தின் மகன், பாலுவின் பேரன். அடக்கம் செய்யப்பட்ட பிரபு அவர்தான் என்று பழைய புத்தகங்களில் இருக்கும். இல்லை, கோபுரத்தைக் கட்டிய மேஸ்திரிதான் அவர் என்று பிற்பாடு வந்தவர்கள் சொன்னார்கள். நான் மேஸ்திரி கட்சி. ஏனென்றால் அவரோடு கல் வேலை செய்தவர்கள், மர வேலை செய்தவர்கள், இரும்பு வேலை செய்தவர்கள் என்று வரிசையாகப் பெயர் வெட்டியிருக்கிறது. நான் காவலுக்கு வருவதற்கு முன் ஏழு வருடம் அந்த மலையில் சாந்து குழைத்தவன். என் பெயர் அங்கே எந்தக் கல்லிலும் இல்லை. அதனால்தான் நீயாவது போய் அந்தப் பெயர்களின் முன்னால் கொஞ்ச நேரம் நில் என்கிறேன்.

அது லண்டனுக்குப் போன கதையை ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். 1842-இல் தூனிஸில் ஆங்கிலேயத் தூதராக இருந்த தாமஸ் ரீட், அந்த எழுத்துக்காக இருபத்தொரு மீட்டர்க் கோபுரத்தைப் பிரித்துப் போட்டார். செயிண்ட் ஹெலெனாவில் நெப்போலியனைக் காவல் காத்த கூட்டத்தில் இருந்தவர். அந்த வகையில் எங்கள் தொழில்காரர். கற்கள் ஒலிவ மரங்களுக்கு நடுவில் அறுபது வருடத்துக்கு மேல் கிடந்தன. பிறகு பிரெஞ்சுக்காரர் லூயி புவான்சோ வந்து 1908 முதல் 1910 வரை உட்கார்ந்து, எந்தக் கல் எங்கே இருந்திருக்கும் என்று பார்த்துப் பார்த்துத் திரும்ப அடுக்கினார். இன்று மூன்று அடுக்கும், மேலே கூம்பும், உச்சியில் சிங்கமும் நிற்கின்றன. எழுத்து மட்டும் உன் ஊரில். உன் ஊர் என்று எழுதிவிட்டேன், பார்.

இந்தக் கதையைப் பயணிகளுக்குச் சொல்லும்போது ரீடைத் திட்டித்தான் முடிப்பேன். அவர்களும் தலையாட்டுவார்கள். வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. ரீட் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு நெம்புகோல் பிடித்திருக்க மாட்டார். கூலிக்கு ஆள் வைத்திருப்பார். அந்த ஆட்கள் எங்கிருந்து வந்திருப்பார்கள்? நம் மலையிலிருந்தோ பக்கத்து ஊர் தெபூர்சூக்கிலிருந்தோதான். என் பாட்டனுக்குப் பாட்டன் ஒருவர் அந்தக் கயிற்றைப் பிடித்து இழுத்திருக்கலாம். சாயங்காலம் காசோடு வீட்டுக்குப் போயிருப்பார். எங்கே கிடைத்தது என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

உனக்கு ஒன்று சொல்லாமல் இருக்கிறேன். 1996. உனக்கு ஏழு வயது. இரண்டு மாதமாகச் சம்பளப் பணம் உன் தங்கைக்கு வைத்தியம் பார்ப்பதிலேயே போய்விட்டது. பெருநாள் நெருங்குகிறது. தெருவில் எல்லாப் பிள்ளைகளும் ஆட்டை இழுத்துக்கொண்டு ஊர்வலம் விடுகிறார்கள். நீ வாசல் கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய். அந்த வாரம் நல்ல மழை. செலெஸ்டிஸ் கோயிலுக்குக் கீழே மழை அரித்த வரப்பில் ஒரு மண் விளக்கு எட்டிப் பார்த்தது. உள்ளங்கையளவு. செம்மண் நிறம், மேலே ஓடுகிற முயல். திரி வைக்கும் மூக்கில் கரி அப்படியே இருந்தது. விரலால் தொட்டேன், ஒட்டியது. எந்த வீட்டில் எந்த இரவில் எரிந்த கரியோ, என் விரலில்.

அதை நான் அலுவலகத்தில் ஒப்படைத்திருக்க வேண்டும். சட்டம் வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. மண்ணுக்குள் கிடைப்பது நாட்டுச் சொத்து என்று எங்களையெல்லாம் நிற்க வைத்து வாசித்துக் காட்டியிருந்தார்கள். நான் ஒப்படைக்கவில்லை. மூன்று நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்களே, மேலாளர் இருமினால்கூட எனக்கு வியர்த்தது. நான்காம் நாள் ஒரு வெளிநாட்டுக்காரர் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போனார். முகம்கூட நினைவில்லை. அந்தப் பெருநாளுக்கு நம் வீட்டிலும் ஆடு வந்தது. நீ அதன் கழுத்தில் சிவப்பு நாடா கட்டி, இருட்டும்வரை தெருவில் நடத்திக்கொண்டே இருந்தாய்.

அடுத்த வருடம் யுனெஸ்கோ டுக்காவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. எனக்குப் புதுச் சீருடை. விழாவில் வாசலில் விறைப்பாக நின்ற அந்தப் புகைப்படத்தைத்தான் நீ சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினாய். அதைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு ஆட்டின் சத்தம் கேட்கும். கல்லைப் பிடுங்கியவர், கல்லைப் பிடுங்கியவர் என்று முப்பத்தொரு வருடம் ஊர் உலகத்துக்குச் சொன்னவன் நான்.

பணம் ஐந்தாம் தேதி தவறாமல் வருகிறது. கோடைக்குப் பிறகு கொஞ்சம் கூடவே வருகிறது. இந்த மாதம் அனுப்பாதே. அடுத்த மாதமும் வேண்டாம். எண்ணெய் விற்ற காசு இருக்கிறது, என் ஓய்வூதியம் இருக்கிறது, நாங்கள் இரண்டு பேர் எவ்வளவுதான் சாப்பிடுவோம். கடன் வாங்காதே. யாரிடமும் வாங்காதே. உன் தங்கை கல்யாணத்துக்கு என்று நீ எதையும் மனதில் போட்டுக்கொள்ளாதே. கழுத்தைப் போர்த்திக்கொள், உனக்குச் சளி பிடித்தால் ஒரு மாதம் விடாது.

வர நினைத்தால் வா. காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஒலிவம் இன்னும் பாதி மரத்தில்தான் இருக்கிறது. கூலிக்கு ஆள் கிடைக்காமல் பக்கத்து வீட்டுக்காரர் தலையில் கை வைத்திருக்கிறார். அதற்கு முன் கல்லைப் பார்த்துவிடு. உள்ளே வைத்திருந்தால் அங்கிருக்கும் காவல்காரரிடம் கேள். என் அப்பாவும் காவல்காரர், இந்தக் கல் இருந்த இடத்தில் என்று சொல். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அது போதும்.

மடித்து உறையில் போடுவதற்குள், வாசித்துக் காட்டு என்கிறாள் அம்மா. எண்ணெய், முழங்கால், பன்னிரண்டு காற்று, கல் வரைக்கும் வாசிப்பேன்.

உன் பாபா