மஸ்கெலியாவுக்கு ஒரு கடிதம்: பழைய லெப்டொப்பில் பாட வீடியோ

அன்பு மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. அக்காவுக்கு முழங்கால் வலி குறைந்து மறுபடியும் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறார் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே பதுளையில் எல்லோரும் சுகம். எங்களுக்கு இப்போது நல்ல வெயில். உங்கள் பக்கம் ஆடி மழை விட்டிருக்காது.

மாலை வகுப்புக்கு ஆறு லெப்டொப் வந்து சேர்ந்தது பெரிய காரியம். சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகள் ஹட்டனுக்கு டியூஷன் போவதற்கு பஸ் காசே தடையாக இருக்கும்போது, பாடத்தையே தோட்ட லயத்து வீடுகளுக்குக் கொண்டுவருகிறீர்கள். ஆனால் “வீடியோ இழுக்கிறது, ராம் கூட்டக் காசு சேர்க்கிறோம்” என்று எழுதியிருக்கிறாயே, அந்தக் காசைக் கொஞ்சம் கையிலேயே வைத்திரு. நீ எழுதியதைப் பார்த்தால் முதல் நோய் ராம் என்கிற தற்காலிக நினைவகத்தில் இல்லை.

கணக்குப் போட்டுப் பார். 1920க்கு 1080 அளவுள்ள ஒரு ஃபிரேம், அதாவது வீடியோவில் வரும் ஒரு தனிப் படம், சுருக்கத்திலிருந்து விரித்த பிறகு, பிக்சலுக்கு ஒன்றரை பைட் வீதம் 3.1 எம்.பி. இடம் பிடிக்கும். விரிக்கிற டிகோடர் ஒரே நேரத்தில் பத்து ஃபிரேமைக் கையில் வைத்திருந்தாலும் 31 எம்.பி.தான். 720 வரி (1280க்கு 720) வீடியோ என்றால் ஃபிரேமுக்கு 1.4 எம்.பி.கூட வராது. கோப்பு 2 ஜீ.பி. இருந்தாலும் முழுவதும் ராமுக்குள் ஏறுவதில்லை, துண்டு துண்டாகவே வாசிக்கப்படும். ராமைத் தின்பது பிரவுசரும், பின்னால் ஓடும் அப்டேட்டும், வைரஸ் காவலும். வீடியோவுக்கு வேண்டியது வேறு: சுருக்கி வைத்த படத்தை நேரத்துக்கு விரித்துக் கொடுக்க ஓர் ஆள். அந்த வேலையைக் கிராபிக்ஸ் சிப்பில் அதற்கென்றே உள்ள பகுதி செய்கிறதா, புரொசசர் தன் தலையில் போட்டுக்கொண்டு செய்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நீ சொன்ன நான்கு மெஷினும் இரண்டாம் தலைமுறை இன்டெல் ஐ3 புரொசசர், 2011ஆம் ஆண்டு வந்த வகை. அதன் கிராபிக்ஸ், எச்.264 என்ற முறையில் சுருக்கிய வீடியோவைத் தானே விரிக்கும். எச்.265, வி.பி.9, ஏ.வி.1 என்ற மற்ற மூன்று சுருக்க முறைகளும் அதற்குத் தெரியாது. அவை அதற்குப் பிறகு வந்தவை. யூடியூப் பெரும்பாலும் கொடுப்பது வி.பி.9 அல்லது ஏ.வி.1. புதிய போனில் எடுத்த பாடம் பல நேரம் எச்.265. இரண்டிலும் முழுப் பாரமும் புரொசசரில் விழுகிறது. மற்ற இரண்டு சின்ன மெஷினில் உள்ள அட்டம் என்450 புரொசசருக்கு எச்.264க்குக்கூட ஹார்ட்வெயர் உதவி கிடையாது, பழைய டி.வி.டி.யின் எம்பெக்-2க்கு மட்டும்தான். அதில் 2 ஜீ.பி.க்கு மேல் ராமும் ஏற்க முடியாது. அதற்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

எது கோளாறு என்று கண்டுபிடிக்க ஒரு மெஷின் முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும். சத்தம் ஒழுங்காக ஓட, படம் மட்டும் தாவித் தாவி வந்தால் விரிக்கிற ஆள் பின்தங்குகிறான். அந்த நேரம் டாஸ்க் மனேஜரில் புரொசசர் 100க்கு அருகில் நிற்கும். படம், சத்தம், மவுஸ் மூன்றும் சேர்ந்து சில நொடி உறைந்து, ஹார்ட்டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்தால் அதுதான் ராம் பற்றாக்குறை: இடமில்லாமல் டிஸ்க்குக்கு மாற்றி மாற்றித் தள்ளுகிறது. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால் இணையச் சிக்னல் போதவில்லை. முதல் பதினைந்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு இழுக்கத் தொடங்கினால் சூடு. மலைக்குளிரில் மெஷின் சூடாகாது என்று நினைக்காதே. ஃபேனுக்கும் செப்புத் தகட்டுக்கும் இடையில் பஞ்சு போலத் தூசு அடைத்திருந்தால் நுவரெலியாப் பனியிலும் புரொசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நன்கொடை மெஷின்களைத் திறந்து, தூசு தட்டி, தேர்மல் பேஸ்ட் புதிதாகப் பூசுவது ராம் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை. சார்ஜரையும் பார்: வேறு மொடலின் சார்ஜரைக் கொடுத்திருந்தால் சில மெஷின்கள் அதை ஏற்காமல் மெதுவான வேகத்திலேயே ஓடும். பவர் சேவரில் விட்டிருந்தாலும் அப்படித்தான்.

வி.எல்.சி. பிளேயரில் வீடியோ ஓடும்போது கன்ட்ரோலும் ஜே எழுத்தும் சேர்த்து அழுத்தினால் கோடெக், அதாவது சுருக்கிய முறை, என்னவென்று தெரியும். பக்கத்திலுள்ள புள்ளிவிவரத் தாளில் இழந்த ஃபிரேம்களின் எண் இருக்கும். அது ஏறிக்கொண்டே போனால் மெஷினால் முடியவில்லை என்று பொருள். அந்த ஐ3களில் டாஸ்க் மனேஜர் கிராபிக்ஸ் வரைபடத்தைக் காட்டாது, கிராபிக்ஸை இயக்கும் மென்பொருளான டிரைவர் பழையது. காணவில்லையே என்று தேடாதே. ஆனால் டிவைஸ் மனேஜரில் டிஸ்பிளே என்ற இடத்தில் “மைக்ரோசொஃப்ட் பேசிக்” என்று இருந்தால் உடனே கவனி. சரியான இன்டெல் டிரைவர் ஏறவில்லை, ஆகவே எச்.264கூட ஹார்ட்வெயரில் ஓடாது.

இனி மருந்து. ஆறு மெஷினையும் மாற்றப் பார்ப்பதைவிட, வீடியோவை ஒரு தடவை, நல்ல மெஷின் ஒன்றில், பலவீனமானதற்கு ஏற்றபடி மாற்றிவிடுவதுதான் அறிவு. வீடியோவை மாற்றித் தரும் ஹேண்ட்பிரேக் மென்பொருள் இலவசம். அதில் “ஃபாஸ்ட் 720பி30” என்பதை எடுத்துக்கொண்டு இவற்றை மாற்று: கோப்பு வகை எம்.பி.4, “வெப் ஒப்டிமைஸ்ட்” பெட்டியில் சரி போடு. வீடியோ என்கோடர் எச்.264 எக்ஸ்264, பத்து பிட் என்று எழுதியதைத் தொடாதே, அதைப் பெரும்பாலான சிப்கள் விரிக்காது; புரொஃபைல் மெயின், லெவல் 3.1, சராசரி பிட்ரேட் நொடிக்கு 600 கிலோபிட், ஒலி ஏ.ஏ.சி., மோனோ, 64. இந்த அளவில் ஒரு மணி நேரப் பாடம் 300 எம்.பி. அளவில் அடங்கும். நொடிக்கு 5 மெகாபிட்டில் இருக்கும் 1080 வரிக் கோப்பு அதே ஒரு மணி நேரத்துக்கு 2.2 ஜீ.பி.யைத் தாண்டும்.

நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற வேகத்தில்தான் எனக்கு உறுதியான கருத்து உண்டு. எல்லோரும் வீடியோ கனமாக இருந்தால் 360 வரிக்கு இறக்கிவிடுவார்கள். கரும்பலகைப் பாடத்துக்கு அது கொலை. 360 வரியில் மெய்யெழுத்தின் புள்ளி கரைந்துபோகும், இரண்டு சுழி னவும் மூன்று சுழி ணவும் ஒன்றாகிவிடும், கணக்கில் தசமப் புள்ளி காணாமல் போகும். பிள்ளை தவறாக எழுதிக்கொள்வான். வரியைக் குறைக்காதே, வேகத்தைக் குறை. பலகையில் எழுதுகிற கைக்கு நொடிக்கு 15 ஃபிரேம் தாராளம். 720 வரி 15 ஃபிரேமில் நொடிக்கு 138 இலட்சம் பிக்சல். 480 வரி 30 ஃபிரேமில் 123 இலட்சம். பாரம் ஏறக்குறைய ஒன்று, ஆனால் எழுத்தின் தெளிவில் பெரிய வித்தியாசம். போனில் 1080 வரி 60 ஃபிரேமில் எடுத்ததை அப்படியே ஓட்டினால் நொடிக்கு 1,244 இலட்சம், ஒன்பது மடங்கு. மூலம் 30 ஆக இருந்தால் 15 சரிபாதி, ஒன்றுவிட்டு ஒன்று எடுக்கப்படுவதால் தடங்கல் தெரியாது. விஞ்ஞானப் பரிசோதனை, ஊசல் ஆட்டம் போன்ற அசைவுள்ள பாடங்களுக்கு மட்டும் 480 வரி, 30 ஃபிரேம் வைத்துக்கொள்.

இன்னொன்று: பிள்ளைகள் அடிக்கடி பின்னுக்கு இழுத்துப் பார்ப்பார்கள். சுருக்கிய வீடியோவில் பெரும்பாலான ஃபிரேம்களில் மாற்றம் மட்டுமே இருக்கும், இடையிடையே ஒன்றில்தான் முழுப் படம் இருக்கும். அப்போது மெஷின் அருகிலுள்ள முழு ஃபிரேமுக்குப் போய், அங்கிருந்து விரித்துக்கொண்டு வர வேண்டும். முழு ஃபிரேம்கள் தூரத் தூர இருந்தால் பழைய மெஷின் இரண்டு மூன்று நொடி திணறும். ஹேண்ட்பிரேக்கின் மேலதிக விருப்பங்கள் பெட்டியில் கீஇன்ட் சமன் 30 என்று ஆங்கிலத்தில் (keyint=30) இட்டால், 15 ஃபிரேமில் இரண்டு நொடிக்கு ஒரு முழு ஃபிரேம் கட்டாயம் வரும். கோப்பு சற்றுப் பெருக்கும், பரவாயில்லை.

அந்த இரண்டு அட்டம் மெஷினுக்குத் தனியாக ஒரு பிரதி செய். அவற்றின் திரை 1024க்கு 600 என்றால் 1024க்கு 576 என்று கொடு. திரைக்கேற்ப மறுபடி அளவு மாற்றும் வேலை மிச்சம். என்கோடர் பகுதியில் “ஃபாஸ்ட் டிகோட்” பெட்டியிலும் சரி போடு. விரிக்கக் கடினமான இரண்டு மூன்று உத்திகளை அது விட்டுவிடும். படத்தில் கொஞ்சம் கட்டம் கட்டமாகத் தெரியலாம், ஆனால் ஓடும்.

பதிவு செய்கிற ஆசிரியரின் போனிலேயே பாதி வேலையை முடித்துவிடலாம். கமராவின் வீடியோ அமைப்பில் “ஹை எஃபிஷியன்சி” என்றோ எச்.இ.வி.சி. (எச்.265இன் மறுபெயர்) என்றோ இருப்பதை அணைத்துவிட்டு 1080, 30 என்று வைக்கச் சொல். தகரக் கூரையில் மழை பெய்யும்போது போன் மைக்கில் குரல் எடுபடாது. சட்டையில் குத்துகிற கம்பி மைக் ஒன்று கட்டாயம் வேண்டும். ராமுக்குச் சேர்த்த காசில் முதலில் அதை வாங்கு.

வின்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14உடன் ஆதரவு முடிந்தது. ஆகவே அதற்குப் பதில் இலவச லினக்ஸ் இயங்குதளம் போடலாம்: ஐ3களில் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.ஈ. பதிப்பும், அட்டம் இரண்டிலும் அன்டிஎக்ஸும் போட்டுவிடு. வீடியோவை பிரவுசரில் திறக்காமல் எம்.பி.வி. என்ற பிளேயரில் திற, அது மிகச் சிறியது. ஹார்ட்வெயர் டிகோடிங் அதில் இயல்பாக அணைந்திருக்கும், கன்ட்ரோலும் எச்சும் அழுத்தினால் எழும்பும். ஆங்கிலச் சின்ன ஐ அழுத்தினால் விட்ட ஃபிரேம்களைக் காட்டும். லினக்ஸில் ஹார்ட்வெயர் டிகோடிங்குக்கு ஐ3க்கு ஐ965 என்ற வி.ஏ. டிரைவர்தான் வேண்டும், புதிய ஐ.எச்.டி. டிரைவர் இந்தத் தலைமுறைக்கு ஆகாது. 2 ஜீ.பி. மெஷினில் ஸீராம் நிறுவி, அதன் அமைப்புக் கோப்பில் முறை எல்.இசட்.4, அளவு 50 வீதம் என்று மாற்று. டிஸ்க்குக்குத் தள்ளுவதற்குப் பதில் ராமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும். இசட்.எஸ்.டி.டி. என்ற வேறு முறை இன்னும் நன்றாகச் சுருக்கும்தான், ஆனால் அட்டமின் புரொசசர் வீடியோவுக்கே போதாமல் இருக்கும்போது அந்தப் பாரத்தையும் ஏற்றாதே.

யூடியூப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் பயர்பொக்ஸில் என்ஹான்ஸ்ட் எச்264இஃபை என்ற துணைநிரலைச் சேர். வி.பி.9, ஏ.வி.1 இரண்டையும் மறுத்து எச்.264 வாங்கித் தரும். வீடியோவில் வலது கிளிக் செய்து “ஸ்டாட்ஸ் ஃபோர் நேர்ட்ஸ்” திறந்தால் கோடெக் இடத்தில் ஏ.வி.சி.1 என்று வர வேண்டும், அது எச்.264தான்.

பிள்ளைகளின் போன்களுக்கும் அந்த 720 வரி, 15 ஃபிரேம் கோப்பே பொருந்தும். கொடுக்கிற விதத்தில் மட்டும் கவனம். வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது மறுபடி நசுக்கிவிடும், புள்ளியெல்லாம் போய்விடும். டொக்கியூமென்ட் ஆக அனுப்பினால் அப்படியே போகும். அதைவிட நல்லது மெமரி கார்ட்டிலோ போனில் பென் டிரைவைச் செருகுகிற ஓ.டி.ஜி. கம்பி வழியாக பென் டிரைவிலோ கொடுப்பது. ரீலோட் காசு போகாது. பென் டிரைவை ஃபேட்32 என்ற வடிவத்தில் ஃபோர்மட் செய்து வை, பழைய போனும் டி.வி.யும் வாசிக்கும், ஒரு கோப்பு 4 ஜீ.பி.க்குள் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு நம் கோப்புகளைத் தொடாது. போனின் சேமிப்பிடம் நிரம்பி வழிந்தால் எதுவும் ஓடாது, 1 ஜீ.பி.யாவது காலியாக இருக்கட்டும். வி.எல்.சி.யில் பச்சைக் கோடும் கிழிந்த நிறமும் வந்தால் அந்தப் போனில் ஹார்ட்வெயர் அக்ஸலரேஷனை அணைத்துப் பார். பின்னால் திறந்து கிடக்கும் செயலிகளையும் மூடச் சொல். ராம் போதாவிட்டால் அன்ட்ரொய்ட் பிளேயரையே கொன்றுவிடும், பிள்ளை திரும்பி வரும்போது பாடம் முதலிலிருந்து தொடங்கும்.

இவ்வளவும் செய்த பிறகு ஐ3களில் அந்த உறைகிற அறிகுறி மிஞ்சினால் ராம் வாங்கு. 2 ஜீ.பி. ஒற்றைத் துண்டு இருந்தால் அதே அளவு இன்னொன்றை அடுத்த குழியில் போடு. கிராபிக்ஸும் அதே ராமைத்தான் பகிர்கிறது. துண்டு இரண்டானால் வழியும் இரண்டாகும். வேண்டியது டி.டி.ஆர்.3 லெப்டொப் வகை. 1.35 வோல்ட் எல் வகை கிடைத்தாலும் இந்த மெஷின் பெரும்பாலும் ஏற்கும். 1.5 வோல்ட் மட்டும் உள்ளதை எதிர்காலத்தில் புதிய மெஷினுக்கு மாற்ற முடியாது, ஆகவே விலை ஒன்றென்றால் எல் வகையையே எடு. எஸ்.எஸ்.டி. போட்டால் மெஷின் திறப்பது வேகமாகும், ஆனால் வீடியோ விரிப்பதில் மாற்றம் வராது.

ஆறு மெஷினின் அடியிலும் உள்ள மொடல் இலக்கத்தைப் படமெடுத்து அனுப்பு. சார்ஜரின் வோல்ட், அம்பியர் தெரியும்படியும் ஒரு படம். பார்த்துவிட்டு எந்த மெஷினில் எதை முதலில் செய்வது என்று எழுதுகிறேன். அக்காவையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

உன் அன்பு நண்பன்,
பதுளையிலிருந்து