கயிற்றில் தொங்கும் லைட்டர்: எங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா,

ரியூசன் வகுப்புகள் நடக்கும் ஒழுங்கையின் முகப்பில் மாணவர்களுக்குச் சிகரெட் விற்கும் கடைகளைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பெற்றோர் ஏற்கெனவே மூன்று முறை எழுதிக் கொடுத்திருக்கிறோம். இன்று எல்லோரும் வாசிக்க எழுதுவதற்குக் காரணம், போன வெள்ளிக்கிழமை என் பெறாமகனின் கொம்பாஸ் பெட்டிக்குள் நான் கண்ட பாதிச் சிகரெட்.

கொப்பித் தாளில் சுற்றிக் கவராயத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தான். எரிந்த நுனியைப் பிளேடால் அளவாக வெட்டியிருந்தான். வயது 15. அடிக்கவில்லை, இருத்தி வைத்துக் கேட்டேன். நான்கு பேர் காசு சேர்த்து ஒன்று வாங்குவார்களாம். ஆளுக்கு இரண்டு இழுவை. அன்று மழை வந்துவிட்டது. மிச்சத்தைக் கொண்டுபோகும் முறை இவனுடையது. “வேண்டாம் என்று சொல்லத் தெரியாதா?” என்றேன். “சொன்னால் வகுப்பு முடிந்து நான் தனியாகத்தான் சைக்கிளில் வரவேண்டும், பெரியம்மா” என்றான்.

அந்தப் பதிலைக் கேட்டபின் இரண்டு இரவு நான் நித்திரை கொள்ளவில்லை. அவனை யாரும் மிரட்டவில்லை. கூட்டாளிகள் கெட்ட பிள்ளைகளும் அல்லர். ஒருவன் எங்கள் வீட்டுப் புட்டைச் சாப்பிட்டு வளர்ந்தவன். கூட்டத்தில் இருந்து தள்ளிவிடுவார்களோ என்ற பயம் மட்டுமே அவனுக்குப் போதுமாக இருந்திருக்கிறது.

அந்தப் பயத்தை வைத்துத்தான் வியாபாரம் நடக்கிறது. முழுப் பெட்டி வாங்க எந்த மாணவனிடமும் காசு இல்லை. தனிச் சிகரெட்டாக விற்பதால்தான் நான்கு பேர் சேர முடிகிறது. பற்றவைக்க, வாசல் தூணில் கயிற்றில் கட்டிய லைட்டர். கடைக்காரரிடம் கேட்டேன், வயது தெரியவில்லை என்றார். அப்போது அங்கே நின்ற பையனின் கையில் தரம் 11 கணிதப் புத்தகம் இருந்தது, ஐயா. 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பதில்லை என்ற அறிவித்தல் பிஸ்கட் பேணிகளுக்குப் பின்னால் மறைந்து கிடந்தது.

அந்த வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பதை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை, மதுசாரச் சட்டம் தடைசெய்கிறது. சோதனையிடும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. சோதனையிடுங்கள், வழக்குப் போடுங்கள் என்றுதான் கேட்கிறோம். புகையிலை எதிர்ப்புத் தினமான மே 31 வந்தால் எங்கள் பிள்ளைகளின் கையில் பதாகையைக் கொடுத்து வெயிலில் நடக்க விடுகிறீர்கள். விற்பவரை விட்டுவிட்டுப் பிள்ளைக்கு மட்டும் புத்தி சொல்வது என்ன நியாயம்?

ஊரையும் சொல்லத்தான் வேண்டும். புகையிலை எங்கள் தோட்டங்களில் காசு தந்த பயிர். அப்புவுக்குச் சுருட்டு வாங்க ஆறு வயதில் கடைக்கு ஓடியவள் நான். இன்றும் சில தகப்பன்மார் பிள்ளையிடம் காசைக் கொடுத்து “ஒன்று வாங்கி வா” என்று அனுப்புகிறார்கள். வீட்டிலேயே இப்படி என்றால் கடைக்காரர் வயது கேட்பாரா?

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். செவ்வாயும் வெள்ளியும் மாலை ஐந்தரைக்கு வகுப்பு விடும். மோட்டார் சைக்கிளைத் தள்ளி நிறுத்திவிட்டு, பத்து நிமிடம் அந்தத் தூணடியைப் பாருங்கள். பார்த்தபின் சட்டப்படி வழக்குத் தொடருங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பெரியம்மா,
யாழ்ப்பாணம்