சேர மாட்டோம் என்று தீர்மானம் போடும் முன்

மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. தங்கச்சி பாஸாகிவிட்டாள். அந்த இளநீர் மேட்சை இங்கே ஒருவரும் மறக்கவில்லை என்று கோச் அண்ணனிடம் சொல்லிவிடு.

இனி விஷயம். நம் மாவட்ட ஃபுட்பால் லீக், ஜெயித்த அணி மேல் லீக்குக்கு ஏறும்படி கோத்த மாநில அடுக்கோடு சேரக் கூடாது, தனியாகவே நிற்கட்டும் என்று கமிட்டியில் பேசினாயாமே. வேறு யார் பேசியிருந்தாலும் விட்டிருப்பேன். நீ பேசினாய் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. இதே முடிவை எடுத்த ஒரு லீக் என்ன ஆனது என்று கேள்.

இங்கிலாந்தின் வடகிழக்கில் நடக்கிறதே நார்தர்ன் லீக், அது 1889ல் தொடங்கியது. இன்றும் உயிரோடிருக்கும் லீக்குகளில் அதற்கு மூத்தது 1888ல் பிறந்த ஃபுட்பால் லீக் மட்டும்தான். முதல் சீசனில் பத்து கிளப்புகள். மிடில்ஸ்பரோ, டார்லிங்டன், ஸ்டாக்டன் எல்லாம் அதில் உண்டு. பின்னால் நியூகாசில் யுனைடெட் ஆன ஈஸ்ட் எண்டும் அங்கேதான் ஆடியது. பெரிய ஊர்க் கிளப்புகள் சம்பள ஆட்டத்துக்குப் போன பிறகு லீக்கைத் தாங்கியவை டர்ஹாம் பக்கத்து நிலக்கரி ஊர்கள்.

அந்த ஊர்களின் பலம் உனக்குத் தெரியாது. சம்பளம் வாங்காத ஆட்டக்காரர்களுக்கான அமெச்சூர் கோப்பையை பிஷப் ஆக்லாந்து பத்து முறை வென்றது, க்ரூக் டவுன் ஐந்து முறை. இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் எட்டு கிலோமீட்டர்தான். 1954 இறுதிப்போட்டியில் இவர்களே மோதினார்கள். வெம்ப்ளியில் லட்சம் பேர் முன்னால் 2-2. நியூகாசிலில் மறு ஆட்டம், மறுபடி 2-2. மிடில்ஸ்பரோவில் மூன்றாவது ஆட்டம் வைத்துத்தான் க்ரூக் 1-0 என்று ஜெயித்தது. 1958ல் மியூனிக் விமான விபத்துக்குப் பிறகு ஆள் இல்லாமல் தவித்த மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு பிஷப் ஆக்லாந்து ஆட்டக்காரர்கள் மூன்று பேர் கைகொடுத்தார்கள். அதில் வாரன் பிராட்லி பள்ளிக்கூட வாத்தியார். அடுத்த வருஷமே இங்கிலாந்து சீனியர் அணியில் ஆடினார். இது மாவட்ட லீக் தரமா, நீயே சொல்.

அமெச்சூர் என்பது பேருக்குத்தான். மேட்ச் முடிந்து வந்தால் பூட்ஸுக்குள் பணம் இருக்கும். செலவுக் கணக்கில் பஸ் டிக்கெட் என்று எழுதுவார்கள். 1928ல் இந்த விவகாரம் வெடித்து நூற்றுக்கணக்கான ஆட்டக்காரர்களுக்குத் தடை விழுந்தது. கடைசியில் 1974ல் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கமான எஃப்.ஏ., அமெச்சூர், புரொஃபஷனல் என்ற பிரிவினையையே எடுத்துவிட்டது. அமெச்சூர் கோப்பையும் அதோடு முடிந்தது.

தப்பு நடந்தது இதற்கப்புறம்தான். 1979ல் ஃபுட்பால் லீக்குக்கு நேர் கீழே அலையன்ஸ் பிரீமியர் லீக் உருவானது. அதன் கீழே மற்ற லீக்குகளை வரிசையாகக் கோத்தார்கள். நார்தர்ன் லீக் சேரவில்லை. முந்தைய வருஷம்தான் அதன் பிளைத் ஸ்பார்டன்ஸ் எஃப்.ஏ. கோப்பையில் ஸ்டோக் சிட்டியைச் சாய்த்து ஐந்தாம் சுற்று வரை போயிருந்தது. நமக்கு யார் தயவும் வேண்டாம் என்ற நினைப்பு. 1988ல் பிஷப் ஆக்லாந்தே கிளம்பி அந்த வரிசையில் இருந்த நார்தர்ன் பிரீமியர் லீக்குக்குப் போய்விட்டது. 1991ல் நார்தர்ன் லீக் இறங்கி வந்து அந்த வரிசையில் சேர்ந்தபோது மேலே இருந்த இடமெல்லாம் நிரம்பிவிட்டது. ஒரு காலத்தில் இதற்குச் சமமாக எண்ணப்பட்ட தெற்கத்தி இஸ்த்மியன் லீக் இன்று மேலிருந்து ஏழாம் மட்டத்தில் தொடங்குகிறது. நார்தர்ன் லீக்கின் முதல் டிவிஷன் ஒன்பதாம் மட்டம், இரண்டாவது டிவிஷன் பத்து.

சேர்ந்தால் பயணச் செலவு தாங்காது என்று நீ எழுதியதை நான் தள்ளவில்லை, அது நிஜமான கஷ்டம். சேர்ந்த பிறகும் பல கிளப்புகள் சாம்பியன் ஆகியும் மேலே போகாமலே இருந்தன. நார்தர்ன் லீக்கில் எதிரணி ஊர் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள். மேலே போனால் இருநூறு கிலோமீட்டர் தாண்டி லிங்கன்ஷயர் வரை பஸ் பிடிக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை ராத்திரி மேட்ச் என்றால் வேலைக்குப் போகும் பையன் மத்தியானமே லீவு சொல்ல வேண்டும். முதலில் நின்றுபோவது கோல்கீப்பரும் சென்டர் பேக்கும்தான், அவர்களுக்கு மாற்று ஆள் சுலபத்தில் அகப்படாது. நல்ல அணிகள் இப்படிக் கீழேயே தேங்கியதால் கீழ்மட்டக் கிளப்புகளுக்கான எஃப்.ஏ. வாஸ் கோப்பையை 2009 முதல் 2017 வரை ஒன்பது வருஷத்தில் எட்டு முறை இந்த லீக்கே அள்ளியது. விட்லி பே மட்டும் வரிசையாக மூன்று. பார்க்கப் பெருமைதான். ஆனால் மேலே ஆட வேண்டிய அணி கீழே கோப்பை குவிப்பதில் எனக்குச் சந்தோஷமில்லை. சவுத் ஷீல்ட்ஸ் செய்ததுதான் சரி: 2016-17ல் லீக், லீக் கப், டர்ஹாம் கோப்பை, வாஸ் என நான்கையும் எடுத்த கையோடு மேலே போய்விட்டது.

ஆகவே சேருங்கள், ஆனால் நிபந்தனைகளை இப்போதே எழுத்தில் வாங்குங்கள். மேல் டிவிஷனைத் திசைவாரியாகப் பிரிக்கச் சொல். பஸ் தூரத்துக்கு ஒரு வரம்பு வேண்டும். வார நாள் மேட்ச் பக்கத்து ஊர் அணிகளோடு மட்டும். கிரவுண்டு விதி ரொம்ப முக்கியம். இங்கிலாந்தில் மேலே போக சாம்பியன் ஆனால் மட்டும் போதாது. ஃப்ளட்லைட், கூரையிட்ட இருக்கை, கேட்டோடு கூடிய சுற்றுவேலி, ரெஃப்ரிக்குத் தனி அறை எல்லாம் தேதிக்குள் தயாராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த அணிக்கு இடம் போய்விடும். நம்ம ஊரில் வேலி கட்டவே பஞ்சாயத்து அனுமதிக்கு மாதக்கணக்கில் அலையணும். எனவே மூன்று சீசன் அவகாசம் கேள், முதல் சீசனில் வேலியும் அறையும், விளக்கு கடைசியில். மழை நாளைக்கு ஒதுக்கு வாரங்களை ஆரம்பத்திலேயே அட்டவணையில் விடச் சொல். அவர்களுக்குக் குளிர்காலத்தில் தரை உறைந்து மேட்ச் தள்ளிப்போய் ஏப்ரலில் வாரத்துக்கு மூன்று நான்கு ஆட்டம் குவியும், நமக்கு அதே கதி ஐப்பசி மழையில் வரும்.

தீர்மான நகலை எனக்கு அனுப்பு, வாசித்துத் திருத்தித் தருகிறேன். கமிட்டியில் நீ மறுபடி எழுந்து பேசணும், உன் பேச்சுக்குத்தான் அங்கே மரியாதை. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் ரைட் பேக்