தேதி போடாத ராஜினாமாக் கடிதம்

அன்புள்ள தம்பி,

ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்தாயிற்று, தேதி மட்டும்தான் போடவில்லை என்று போனில் சொன்னாய். அந்தத் தேதியை இன்னும் ஒரு வருடம் போடாமல் வைத்திரு. பம்ப் கம்பெனியில் பதினெட்டு வருடம் குவாலிட்டி பார்த்துவிட்டு 41 வயதில் வக்கீலாகப் போகிறேன் என்கிறாய். எனக்கு மனசு நிறைந்த சந்தோஷம். மில் கணக்குப் பிரிவிலிருந்து நானும் ஏறக்குறைய அதே வயதில்தான் வந்தேன். வந்த வழியில் எங்கே கால் இடறியது என்று சொன்னால் உனக்கு உதவும்.

வயதை நினைத்துத் தயங்காதே. மூன்று வருட சட்டப் படிப்புக்கு 30 வயது வரம்பு என்று, வக்கீல்களுக்கான அமைப்பான பார் கவுன்சில் கொண்டுவந்ததை உச்ச நீதிமன்றம் 2017-இல் நிறுத்தி வைத்துவிட்டது. நம் ஊர் அரசு சட்டக் கல்லூரியில் நுழைவுத் தேர்வும் கிடையாது, டிகிரி மார்க்கை வைத்துத்தான் இடம். ஆனால் 70 சதவீதம் வருகை வேண்டும். தபால் வழிப் படிப்பு செல்லாது. "வேலையில் இருங்க, பரீட்சைக்கு மட்டும் வந்தா போதும்" என்று சொல்லிக்கொண்டு சில தரகர்கள் உன்னிடமும் வருவார்கள். அந்த வாசல் வழியாக நீ வரவே கூடாது.

அப்படியென்றால் மூன்று வருடம் சம்பளம் இல்லை. எல்லோரும் கணக்கை அதோடு நிறுத்திவிடுகிறார்கள். நீ ஐந்து வருடமாகப் போடு. படிப்பு முடிந்து வக்கீலாகப் பதிவு செய்தபின் முழுநேரச் சம்பள வேலை பார்க்க விதி இடம் கொடுக்காது. இரண்டு வருடத்துக்குள் அகில இந்திய பார் தேர்வும் எழுதித் தேற வேண்டும். ஜூனியர் வக்கீல்களுக்குக் கோவை, சென்னை, மதுரையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000-மும் குறைந்தபட்சம் தர வேண்டும் என்று 2024-இல் உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எல்லா ஆபீஸிலும் அது கைக்கு வரும் என்று நம்பி வீட்டுச் செலவைத் திட்டமிடாதே.

நான் செய்த தவறு, மார்ச் மாதமே வேலையை விட்டதுதான். வகுப்பு தொடங்கும்போது ஆயுத பூஜை வந்துவிட்டது. அத்தனை மாதமும் வீட்டில் சும்மா இருந்தேன். அதைவிடப் பெரியது ஒன்று. கம்பெனி மருத்துவக் காப்பீடு என் ராஜினாமாவோடு போய்விட்டது, நான் கவனிக்கவில்லை. அந்த ஐப்பசியில் அப்பாவுக்கு ஸ்டென்ட் வைக்க வேண்டி வந்தது. என் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. உன் வீட்டில் சித்திக்குச் சர்க்கரை இருக்கிறது, தெரியும்தானே? தனிப் பாலிசியில் ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வைக்கலாம். இப்போதே, சம்பளம் வரும்போதே எடுத்துவிடு. நீ டிகிரி வாங்குவதற்குள் அந்தக் காலமும் முடிந்துவிடும்.

சரி, பயமுறுத்தியது போதும்.

போன வருடம் ஒரு லேத் பட்டறைக்காரர் எங்கள் ஆபீஸுக்கு வந்தார். மஞ்சள் பை நிறைய பில்கள், டெலிவரி சலான்கள், ஒரு திரும்பிய செக். சீனியர் பையை அப்படியே என் மேசைக்குத் தள்ளினார். செக் திரும்பியதற்குப் பேங்க் தந்த மெமோவைத் தேடி எடுத்துத் தேதி பார்த்தேன். அவர் கைக்கு அது வந்து 26 நாள் ஆகியிருந்தது. செக் திரும்பினால் 30 நாளுக்குள் நோட்டீஸ் போயாக வேண்டும், பிறகு எதிராளி பணம் கட்ட 15 நாள், அதற்குமேல் ஒரு மாதத்துக்குள் வழக்கு. பில்லையும் லெட்ஜரையும் வரி வரியாக ஒப்பிட்டேன். மாலை ஆறு மணிக்குள் பாக்கித் தொகை பைசா சுத்தமாக வந்தது. நோட்டீஸை அன்றிரவே ரயில் நிலையத்தில் இருக்கும் ஆர்.எம்.எஸ் தபால் ஆபீஸில் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். மில்லில் பதினேழு வருடம் பார்த்த கணக்கு அன்று எனக்குக் கை கொடுத்தது. உனக்குப் பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் ஏன் விரிசல் விடும் என்று தெரியும். நுகர்வோர் ஆணையத்தில் பம்ப் மோட்டார் வழக்கு வரும்போது அதைத் தெரிந்த வக்கீல் எத்தனை பேர் இருப்பார்கள்?

இன்னொன்று, 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. 420 இப்போது 318(4). முப்பது வருட அனுபவசாலியும் புத்தகத்தைப் புரட்டித்தான் பார்க்கிறார். புதிதாக வருகிறவருக்கு இது நல்ல காலம்.

ஆனால் முதலில் இந்த வேலை உனக்குப் பிடிக்கிறதா என்று பார். ஒரு வாரநாளில் லீவு போட்டுவிட்டு வா. காலை பத்தரைக்குக் கோர்ட் கூடும், பின் பெஞ்சில் யாரும் உட்காரலாம், போனை மட்டும் அணைத்துவிடு. வாய்தா, வாய்தா என்று மதியம் வரை போகும். அந்த அலுப்பையும் முழுசாக உட்கார்ந்து பார். ஒரு மணிக்கு ஆபீஸில் சாப்பிடலாம், உனக்கும் சேர்த்துக் கட்டி வருகிறேன். சித்தியுடைய பழைய சுகர் ரிப்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டு வா, பாலிசி விண்ணப்பத்தை அங்கேயே சேர்ந்து நிரப்பிவிடலாம்.

அன்புடன்,
அக்கா