மின்மாற்றியின் விலை டிராயிங்கிலேயே முடிவாகிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சொந்தமாக எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்ச்சிங் முறையில் இயங்கும் மின்வழங்கி) வடிவமைக்கும் சிறு நிறுவனங்கள், தனியாகச் சுற்றி வாங்கும் மின்மாற்றிகளைப் பற்றி ஒரே குறையைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. சாம்பிள் நன்றாக ஓடியது; ஆயிரம் வாங்கிப் பொருத்திய பிறகு மாஸ்ஃபெட் (மின்னோட்டத்தை வேகமாகத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர்) எரிகிறது. பழி சுற்றிக் கொடுத்தவர் மேல் விழுகிறது, அடுத்த முறை வேறொருவரிடம் இன்னும் குறைந்த விலைக்குப் பேரம் நடக்கிறது. ஆனால் தவறு பெரும்பாலும் அவர் கையில் கொடுத்த டிராயிங் தாளில்தான் இருக்கிறது.

'ஈஈ25 கோர், 500 மைக்ரோஹென்றி, விகிதம் 8:1' என்று மட்டும் எழுதிய ஒரு தாளை எடுத்துக்கொள்வோம். ஃப்ளைபேக் மின்சுற்றில் (மாஸ்ஃபெட் இயங்கும்போது மின்மாற்றியில் ஆற்றலைச் சேர்த்து, அணைந்ததும் வெளியே தரும் வகை) உச்ச மின்னோட்டம் 1.5 ஆம்பியர். கோரின் (சுருளுக்குள் நிற்கும் ஃபெரைட் காந்தப் பாதை) குறுக்குவெட்டுப் பரப்பு சுமார் 52 சதுர மி.மீ. பிரைமரி (மின்சாரம் உள்ளே வரும் சுருள்) 56, செகண்டரி (வெளியே போகும் சுருள்) 7 என்று சுற்றி, கோரில் சுமார் 0.4 மி.மீ. காற்று இடைவெளி விட்டால் இண்டக்டன்ஸ் 500 மைக்ரோஹென்றி வரும். கோருக்குள் காந்தப் பாய அடர்த்தி 0.26 டெஸ்லாவில் நிற்கும். பிரைமரி 40, செகண்டரி 5 என்று சுற்றி இடைவெளியை 0.2 மி.மீ. ஆக்கினாலும் அதே 500, அதே 8:1. கம்பியும் நேரமும் மிச்சம். தாளில் கேட்டது அத்தனையும் இருப்பதால் சுற்றுபவர் இதைத் தேர்ந்தெடுப்பதில் குற்றமில்லை. ஆனால் பாய அடர்த்தி 0.36 டெஸ்லாவுக்கு ஏறிவிட்டது. என்87 போன்ற பவர் ஃபெரைட் 25 டிகிரியில் ஏறக்குறைய 0.49 டெஸ்லா வரை தாங்கும். 100 டிகிரியில் 0.39தான். மேசையில் குளிர்ந்த நிலையில் சோதித்தால் எந்தக் குறையும் தெரியாது. மூடிய பெட்டிக்குள் சூடேறி, ஓவர்லோடில் மின்னோட்டம் சற்றே கூடினால் கோர் செறிவடைகிறது (அதற்கு மேல் காந்தமாக முடியாத நிலை), இண்டக்டன்ஸ் சரிகிறது, மாஸ்ஃபெட் போகிறது. இண்டக்டன்ஸை அளக்கும் எல்சிஆர் மீட்டர் இரண்டு காயிலுக்கும் 500 என்றுதான் காட்டும்.

ஆகவே இண்டக்டன்ஸோடு சுற்று எண்ணிக்கையையும் எழுத வேண்டும். '100 டிகிரியில் 2 ஆம்பியர் பாயும்போது இண்டக்டன்ஸ் 20 விழுக்காட்டுக்கு மேல் குறையக் கூடாது' என்ற மாதிரி ஒரு வரியும் கட்டாயம் வேண்டும். மீட்டரின் சோதனை அதிர்வெண்ணையும் வோல்டேஜையும் குறிக்காவிட்டால், இரு தரப்பு மீட்டர்களும் இரண்டு எண்களைக் காட்டும். மாதக்கணக்கில் கடிதப் போக்குவரத்து நடக்கும்.

இடைவெளியை எழுதும் விதத்திலும் ஒரு பொறி உண்டு. '0.4 மி.மீ. கேப்' என்பதைப் படித்து 0.4 மி.மீ. தாளை இரண்டு அரைக் கோர்களுக்கும் நடுவே வைத்தால், காந்தப் பாதை அதை இரண்டு முறை கடக்கிறது. மொத்த இடைவெளி 0.8 ஆகி, இண்டக்டன்ஸ் ஏறக்குறைய பாதியாகும். மையக் காலில் மட்டும் அரைத்த கோரைக் கேளுங்கள். அல்லது ஏஎல் மதிப்பை, அதாவது இண்டக்டன்ஸைச் சுற்று எண்ணிக்கையின் வர்க்கத்தால் வகுத்த எண்ணை, எழுதுங்கள் (இந்த உதாரணத்தில் ஏறக்குறைய 160 நானோஹென்றி). இண்டக்டன்ஸின் ஏற்ற இறக்கம் 10 விழுக்காடு என்றால் எவரும் சிரமமின்றிச் செய்வார்கள். 3 விழுக்காடு என்றால் ஒவ்வொன்றையும் எடுத்துச் சரிசெய்ய வேண்டும், அந்தக் கூலி விலையில் ஏறும். இடைவெளியில்லாத கோரின் ஏஎல் மதிப்பே 25 விழுக்காடு வரை மாறக்கூடியது என்பதால், அத்தகைய கோரில் சுற்றும், இரைச்சல் வடிகட்டும் சோக்குக்குக் (காயில்) குறைந்தபட்ச இண்டக்டன்ஸை மட்டும் கேட்பதே நியாயம்.

எங்கள் பார்வையில் டிராயிங்கில் அதிகம் விடுபடுவது சுற்றும் வரிசை. பாதிப் பிரைமரி, அதன்மேல் செகண்டரி, அதன்மேல் மீதிப் பிரைமரி என்று அடுக்கினால் கசிவு இண்டக்டன்ஸ் (செகண்டரியோடு இணையாத காந்தப் பாயத்தால் வருவது) குறையும். முழுப் பிரைமரியையும் ஒரேயடியாகச் சுற்றி மேலே செகண்டரியைப் போட்டால் ஒரு டேப் சுற்றும் ஒரு முறை நிறுத்தும் நேரமும் மிச்சமாகும். ஆனால் கசிவு சில மடங்கு ஏறலாம். அந்தக் கசிவில் சேரும் ஆற்றல், மாஸ்ஃபெட் அணையும் ஒவ்வொரு முறையும் வோல்டேஜ் முள்ளாக அதன் மேல் பாய்கிறது. சுற்று எண்ணிக்கை சரி, இண்டக்டன்ஸ் சரி, விகிதம் சரி, மாஸ்ஃபெட் மட்டும் எரிகிறது என்றால் முதலில் இதைப் பாருங்கள். செகண்டரியின் முனைகளைச் சேர்த்துவிட்டு பிரைமரியை அளந்தால் கசிவு தெரிந்துவிடும். அரை நிமிட வேலை. அதற்கொரு உச்ச வரம்பைத் தாளில் எழுதுங்கள். பாபினின் (கம்பி சுற்றும் பிளாஸ்டிக் கூடு) குறுக்குவெட்டை வரைந்து, எந்த அடுக்கு எந்தப் பின்னில் தொடங்குகிறது, எந்தத் திசையில் சுற்றுகிறது, எங்கே முடிகிறது, நடுவில் எத்தனை டேப் என்று காட்டுங்கள். ஒரு சுருள் தலைகீழாக முடிந்தால் ஃப்ளைபேக் வேலையே மாறிப்போய், முதல் முறை மின்சாரம் கொடுத்ததுமே பாகங்கள் வெடிக்கலாம்.

பணத்தை உண்மையில் மிச்சப்படுத்த வழியுள்ள இடம் காப்பு. இரு ஓரங்களிலும் தலா 3 மி.மீ. டேப் வைத்து 6 மி.மீ. ஊர்வுத் தொலைவு (காப்பின் மேற்பரப்பு வழியே இரு சுருள்களுக்கும் இடையிலான தூரம்) பெறுவது பரவலான முறை. சுமார் 15 மி.மீ. அகலமுள்ள பாபினில் இது 9 மி.மீ. மட்டுமே விட்டுவைக்கும். அதற்குள் பாதிப் பிரைமரியின் 28 சுற்றை ஒரே அடுக்கில் அடக்க 0.25 மி.மீ. கம்பிக்குப் போக வேண்டும். செகண்டரிக்கு மட்டும் மூன்றடுக்குக் காப்புக் கம்பியைப் பயன்படுத்தினால் ஓர டேப்பும் தேவையில்லை, முனைகளுக்கு ஸ்லீவும் தேவையில்லை; பிரைமரியில் 0.4 மி.மீ. சாதாரண எனாமல் கம்பி தாராளமாக அடங்கும், அதன் மின்தடை பாதிக்கும் கீழே இறங்கும். மூன்றடுக்குக் கம்பி மீட்டருக்கு விலை அதிகம்தான். ஆனால் சிறிய மின்மாற்றியின் விலையில் பெரும்பங்கு கைவேலை. ஓர டேப் ஒட்டுவது அதில் மெதுவான வேலைகளில் ஒன்று. கம்பி விலையை மட்டும் பார்த்து இதை ஒதுக்காதீர்கள்.

கம்பியில் இன்னும் இரண்டு செய்திகள். 100 கிலோஹெர்ட்ஸில் மின்னோட்டம் செம்பின் மேற்பரப்பில் சுமார் 0.2 மி.மீ. ஆழத்துக்குத்தான் முழுமையாக ஓடும். எனவே தடித்த ஒற்றைக் கம்பியைவிட 0.35 மி.மீ. கம்பி நான்கை முறுக்கிச் சுற்றுவது மேல். பின்னில் மடிப்பதும் எளிது. அடுத்து, பாலியூரித்தேன் பூச்சுள்ள கம்பி சுமார் 390 டிகிரி சால்டர் பானையில் முக்கியதும் தானே ஈயம் பிடிக்கும். அதிக வெப்பம் தாங்கும் சில பூச்சுகளைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். தேவையில்லாமல் உயர்ந்த வெப்ப வகுப்பைக் கேட்டால் அந்தச் சுரண்டலுக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறீர்கள். மெல்லிய கம்பியைப் பானையில் நீண்ட நேரம் வைத்தாலோ செம்பே கரைந்து மெலிந்து, பின்னால் அதிர்வில் அறுந்துபோகும்.

கோரை ஒட்டும் பசை, கோர்கள் சேரும் முகத்தில் பரவினால் அதுவே ஒரு கூடுதல் இடைவெளி. ஓரத்தில் வைக்கச் சொல்லுங்கள். கெட்டியான எப்பாக்ஸியில் முழுவதும் புதைத்தால், சூடும் குளிரும் மாறி மாறி வரும்போது ஃபெரைட் விரிசல் விடக்கூடும்.

தயாரான ஒவ்வொன்றுக்கும் இண்டக்டன்ஸ், கசிவு, விகிதமும் திசையும், மின்தடை, 3000 வோல்ட் காப்புச் சோதனை ஆகியவை வேண்டும். காப்புச் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தால் காப்பே நலியும். மறுமுறை 80 விழுக்காடு வோல்டேஜில் செய்வது வழக்கம். ஒவ்வொரு தொகுதியிலும் சிலவற்றை எடுத்துச் சூடாக்கிச் செறிவு மின்னோட்டம் பாருங்கள். ஒன்றைப் பிரித்து அடுக்கு அடுக்காக எண்ணுங்கள். உள்ளே எவ்வளவு சூடாகிறது என்பதை அறியத் தனிக் கருவி வேண்டாம், மில்லிஓம் மீட்டர் போதும். 25 டிகிரியில் அளந்த மின்தடை, முழுச் சுமையில் ஓட்டி அணைத்தவுடன் 1.3 மடங்கு ஆகியிருந்தால் செம்பின் சராசரி வெப்பம் ஏறக்குறைய 103 டிகிரி. நடு அடுக்கு இன்னும் சூடாக இருக்கும் என்பதால் பத்து டிகிரியாவது கூட்டிக்கொள்ளுங்கள்.

கோரும் பாபினும் பலர் தயாரிக்கும் ஈஈ, ஈஎஃப்டி, பிக்யூ போன்ற வடிவங்களிலேயே இருக்கட்டும். புது பாபினுக்கு அச்சு செய்யும் செலவைச் சில ஆயிரம் எண்ணிக்கை ஈடுகட்டாது. ஒரே பாபினை இரண்டு மூன்று மாடல்களுக்குப் பொதுவாக்க முடிந்தால் அதில் வரும் மிச்சம் எந்தப் பேரத்திலும் வராது. பயன்படாத ஒரு பின்னைப் பிடுங்கிவிட்டு, பிசிபியிலும் (சர்க்யூட் போர்டு) அந்தத் துளையைப் போடாமல் விட்டுவிட்டால் மின்மாற்றியைத் திருப்பிப் பொருத்த வழியே இல்லை. எண்ணிக்கை சில நூறுதான் என்றால், கேட்லாக்கில் பொருந்துவது ஏதேனும் கிடைக்கிறதா என்று முதலில் தேடுவது நல்லது.

கையால் சுற்றிய ஐந்து சாம்பிளைப் பார்த்து ஆயிரத்துக்கு ஒப்புதல் கொடுக்காதீர்கள். உற்பத்தி எந்திரத்தில், உற்பத்திக்கான அதே கம்பி, அதே கோரில் ஐம்பது மின்மாற்றிகளைச் சுற்றச் சொல்லி, அவற்றை அளந்து, ஒன்றை உங்களிடமும் ஒன்றை அவர்களிடமும் முத்திரையிட்டு வையுங்கள். பிறகு கம்பி, கோர், டேப், வார்னிஷ் எதை மாற்றினாலும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதை ஆர்டரிலேயே சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மின்மாற்றி, காயில் வடிவமைப்புப் பணியில் உள்ள பொறியாளர்கள்