கிருமிக்கும் ஒரு பேரேடு

ஐயா,

காலணா வட்டிக்கும் பேரேடு எழுதிய செட்டிநாட்டில், ஆஸ்பத்திரிக் கிருமிகளுக்குக் கணக்கு கேட்பார் யாருமில்லை. ரத்தம், சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்து, அது எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையின் முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகிறது. வந்ததும் நோயாளியின் கோப்போடு வீட்டுக்குப் போய்விடுகிறது. அவற்றை ஆண்டுதோறும் தொகுத்தால், கிளெப்சியெல்லா போன்ற கிருமிகள் எந்த மருந்துக்கு எவ்வளவு அடங்குகின்றன என்பது தெரியும். முடிவு வரும்வரை ஊகத்தில் மருந்து எழுதும் மருத்துவருக்கு அது பெரிய உதவி.

ஒரு வகைக் கிருமிக்குக் குறைந்தது 30 நோயாளிகளின் மாதிரிகளாவது இருந்தால்தான் சதவீதத்தை நம்பலாம் என்பது வழக்கமான விதி. ஒரே நோயாளியை இருமுறை எண்ணவும் கூடாது. காரைக்குடி, தேவகோட்டையின் சிறிய மருத்துவமனைகளுக்குத் தனித்தனியே இந்த எண்ணிக்கை எட்டாது. சேர்ந்தால் எட்டும். இம்முடிவுகளைத் தொகுக்க, உலக சுகாதார நிறுவனம் ஆதரிக்கும் ஹூநெட் (WHONET) மென்பொருள் இலவசம்தான். காசில்லை என்ற சாக்கு வேண்டாம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2013 முதல், கிருமிகள் மருந்துக்கு அடங்குகின்றனவா என்ற கண்காணிப்பை நாட்டளவில் நடத்துகிறது. ஆனால் அதில் பெரும்பாலும் பெரிய மருத்துவமனைகளே உள்ளன. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறை, நம் வட்டார முடிவுகளை நோயாளிகளின் பெயரின்றித் திரட்டி ஆண்டுதோறும் வெளியிட மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஒரு வாசகர்,
காரைக்குடி.