டாக்டர் அறைக்குப் பக்கத்தில் ஒரு மேசை

குடியாத்தம்

அன்புத் தோழிக்கு,

இங்கிலாந்திலிருந்து நீ போட்ட கடிதம் கிடைத்தது. உடனே பதில் போட நினைத்தேன். அக்னி நட்சத்திரம் முடிந்தும் வெயில் குறையவில்லை, கிளினிக்கில் கூட்டம் தாங்கவில்லை, அப்படியே தள்ளிப்போய்விட்டது. அம்மா நலம். கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு உன் தம்பி குடும்பத்தோடு வந்திருந்தான். அவன் மகள் உன்னை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். நம்ம ஊரில் ஒரு குடும்ப டாக்டர் ஃபார்மசிஸ்டை வைத்துக்கொண்டு என்ன செய்வார், மருந்து எடுத்துக் கொடுக்கத்தானே சொல்வார் என்று எழுதியிருந்தாய். அந்த வேலைக்குக் கீழே மெடிக்கலில் வேறு ஆள் இருக்கிறார். டாக்டர் அறைக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு மேசை போட்டிருக்கிறார்கள். நிறைய மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இன்சுலின் போடுகிறவர்கள், வேலூர் ஆஸ்பத்திரிகளில் படுத்து எழுந்து வந்தவர்கள் எல்லாரும் டாக்டரைப் பார்க்கும் முன் என்னிடம் வருவார்கள். வீட்டில் இருக்கிற எல்லா மருந்தையும் பையோடு கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம். சீட்டைப் பார்த்தால் டாக்டர் எழுதியது தெரியும். பையைக் கொட்டினால்தான் அவர்கள் சாப்பிடுவது தெரியும்.

போன மாதம் வந்த ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். வயது அறுபதுக்கு மேல், சின்ன வயதிலிருந்து பீடி சுற்றுகிறவர். இரண்டு காலும் வீங்கி, கால் கட்டைவிரல் வலியில் நொண்டிக்கொண்டு வந்தார். மஞ்சப்பையை மேசைமேல் கவிழ்த்தார். கத்தரித்த அட்டைகள், பெயர் போன அட்டைகள், இரண்டு மூன்று டாக்டர்களின் சீட்டுகள். ஒவ்வொன்றாக எடுத்து "இது எப்போதிலிருந்தும்மா?" என்று கேட்டு, தாளில் வரிசையாக எழுதினேன். "இன்னா பாப்பா, போலீஸ் மாதிரி கேக்கற" என்றார். ஆனாலும் பொறுமையாக எல்லாம் சொன்னார்.

எழுதி முடித்ததும் கதை தெரிந்துவிட்டது. குனிந்தே உட்கார்ந்து பீடி சுற்றியதில் முதுகுவலி. மெடிக்கலில் கேட்டு வாங்கி தினமும் டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரை. அது உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிப் பிரஷரை ஏற்றும். பிரஷர் ஏறியதும் ஒரு டாக்டர் ஆம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையை 5 மில்லிகிராமிலிருந்து 10 ஆக்கியிருக்கிறார். அந்த அளவில் பலருக்குக் கால் வீங்கும். வீக்கத்தைப் பார்த்த இன்னொருவர் நீர் பிரியும் மாத்திரை கொடுத்திருக்கிறார். இந்த வீக்கத்துக்கு அது பெரிதாகக் கேட்காது, இரத்தத்தில் யூரிக் அமிலத்தை ஏற்றும், அவ்வளவுதான். அந்த அமிலம் ஏறியதில்தான் கட்டைவிரல் வலி வந்திருக்கிறது. அதற்கு மறுபடியும் வலி மாத்திரை, இந்த முறை இரண்டு வேளை. வலி மாத்திரையும் நீர் மாத்திரையும் சேர்ந்து சிறுநீரகத்தை எங்கே கொண்டுபோய் விட்டிருக்குமோ என்று எனக்குக் கை நடுங்கியது.

இதில் யாரைக் குறை சொல்ல? ஒவ்வொரு டாக்டரும் கண்ணுக்குத் தெரிந்த குறைக்குச் சரியான மருந்தைத்தான் எழுதினார். எல்லாவற்றையும் ஒரே தாளில் வைத்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. அந்தத் தாளை நான் டாக்டரிடம் கொடுத்தேன். அவர் இதயத்தையும் சிறுநீரகத்தையும் சோதித்துப் பார்த்துவிட்டு நீர் மாத்திரையை நிறுத்தினார், ஆம்லோடிபினைப் பழையபடி 5 ஆக்கினார், வலிக்கு டைக்ளோஃபினாக்குக்குப் பதில் பாராசிட்டமால் எழுதினார். சிறுநீரகம் கெட்டால் இரத்தத்தில் ஏறும் கிரியாட்டினின் கொஞ்சம்தான் ஏறியிருந்தது, நல்லவேளை. அடுத்த முறை அந்த அம்மா வந்தபோது கணுக்காலில் எலும்பு தெரிந்தது. மருந்தைக் கூட்டாமல், குறைத்தே ஒருவரைக் குணப்படுத்தலாம் என்பதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன்.

இங்கே மருந்து ஒரே வழியில் வருவதில்லை, உனக்குத் தெரியும். 2021-இல் அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்த பிறகு, பிரஷர், சுகர் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. மலையடிவார ஊர்களில் மாத்திரை வாங்க ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று நான் நேரில் பார்க்கிறேன். ஆனால் அதே ஆள் தனியார் டாக்டரிடமும் போவார். அரசு கொடுக்கும் சுகர் மாத்திரையில் மெட்ஃபார்மின் என்று போட்டிருக்கும். தனியார் சீட்டில் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை ஏதோ ஒரு கம்பெனிப் பெயரில் இருக்கும். நிறம் வேறு, பெயர் வேறு, அதனால் இரண்டிலும் ஒரே மருந்து இருப்பது தெரியாமல் இரண்டையும் சாப்பிடுவார். இப்படி மெட்ஃபார்மின் அதிகமாகி ஒரு பெரியவர் மாதக்கணக்கில் வயிற்றுப்போக்கோடு இருந்தார், அதற்கும் தனியாக மருந்து சாப்பிட்டுக்கொண்டு. உங்கள் ஊரில் பெரும்பாலும் மருந்தின் சொந்தப் பெயரிலேயே எழுதுகிறார்கள், டிஸ்சார்ஜ் கடிதம் நேராகக் குடும்ப டாக்டருக்கு வந்துவிடுகிறது என்று நீ எழுதியதைப் படித்தபோது பெருமூச்சுதான் வந்தது.

இன்சுலின் சிரிஞ்சு சமாச்சாரம் உங்கள் ஊரில் கிடையாது என்று நினைக்கிறேன். இங்கே பாட்டிலில் வரும் இன்சுலின் ஒரு மில்லிக்கு 40 யூனிட்டாகவும் கிடைக்கும், 100 யூனிட்டாகவும் கிடைக்கும். 40-க்குச் சிவப்பு மூடிச் சிரிஞ்சு, 100-க்கு ஆரஞ்சு மூடி. மெடிக்கலில் எது கையில் இருக்கிறதோ அதைக் கொடுத்துவிடுகிறார்கள். 40 யூனிட் பாட்டிலுக்கு ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட். சுகர் குறையவில்லையே என்று டாக்டர் அளவை ஏற்றுவார். ஒருநாள் சரியான சிரிஞ்சு கிடைத்துவிட்டால் ஆள் மயங்கி விழுவார். மாற்றிப் போட்டால் இன்னும் மோசம்: 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 கோடு இழுத்தால் 50 யூனிட் போய்விடும். அதனால் வாயால் கேட்பதோடு நிறுத்துவதில்லை, கையால் இழுத்துக் காட்டச் சொல்கிறேன். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் இன்சுலினை எங்கே வைக்கிறார்கள் என்றும் கேட்கிறேன். ஜன்னலோரம் வைத்திருப்பார்கள், நம்ம ஊர் வெயிலில்! ஈர மணலில் மண்பானை வைக்கும் முறையைச் சொல்லித் தருகிறேன். இன்ஹேலர் கேப்ஸ்யூலை மாத்திரை என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றி விழுங்குகிறவர்களும் உண்டு.

உங்கள் நாட்டில் குடும்ப டாக்டரின் கிளினிக்கில் ஃபார்மசிஸ்ட் வைக்கும் வழக்கம் இவ்வளவு சீக்கிரம் வளர்ந்ததுதான் எனக்கு நம்பிக்கை தருகிறது. 2015-இல் சோதனை முயற்சியாகத் தொடங்கி, குடும்ப டாக்டர்களோடு போட்ட 2019 ஒப்பந்தத்துக்குப் பிறகு அரசே சம்பளத்துக்கு வழிசெய்ததால்தான் பக்கத்துப் பக்கத்து கிளினிக்குகள் சேர்ந்து ஆள் எடுக்க முடிந்தது, இல்லையா? அதற்கு முன்பே 2012-இல் லான்செட் மருத்துவ இதழில் 72 கிளினிக்குகளை வைத்துச் செய்த ஆய்வு வந்திருந்தது. ஃபார்மசிஸ்ட் டாக்டரோடு உட்கார்ந்து பார்த்த இடங்களில் ஆபத்தான மருந்துத் தவறுகள் குறைந்தன. நம்ம டாக்டரிடம் முதன்முதலில் பேசப் போனபோது அதைத்தான் அச்செடுத்துக்கொண்டு போனேன். இரண்டு நாள் கழித்து, "படிச்சேம்மா, வா, முயற்சி பண்ணலாம்" என்றார்.

இங்கே நாம் படித்த ஃபார்ம்.டி என்ற மருந்தாளுநர் படிப்பு வந்ததே 2008-இல். ஆறு வருஷம் படிக்கிறோம், வார்டு வார்டாகப் போகிறோம், வெளியே வந்ததும் நோயாளியின் முகத்தைப் பார்க்கிற வேலை கிடைப்பதில்லை. நம்மோடு படித்தவர்கள் எத்தனை பேர் சென்னையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பக்கவிளைவு அறிக்கை தட்டச்சு செய்கிறார்கள் என்று எண்ணிப் பார். 2015-இல் வந்த மருந்தாளுநர் பணி ஒழுங்குமுறை விதிகள் நோயாளிக்கு ஆலோசனை சொல்வது நம் கடமை என்கின்றன. கடமை இருக்கிறது, அதற்குச் சம்பளம் தர ஆள் இல்லை. என் சம்பளத்தை டாக்டர் தன் வருமானத்திலிருந்து தருகிறார். அவர் மனசு அப்படி. எல்லா டாக்டரையும் அப்படிக் கேட்க முடியாது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் அரசே இப்படி ஒரு பதவியை உருவாக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

ஒரு விஷயத்தில் உன்னோடு ஒத்துப்போக முடியவில்லை. ஃபார்மசிஸ்டுக்கு மருந்துச் சீட்டு எழுதும் உரிமை இல்லாமல் இந்த வேலைக்கு அர்த்தமே இல்லை என்று எழுதியிருந்தாய். உங்கள் ஊரில் 2006-இலிருந்தே அந்த உரிமை இருக்கிறது, 2026-இலிருந்து புதிதாக வருகிறவர்களுக்குப் பதிவோடு சேர்ந்தே கிடைக்கிறது. நல்லதுதான். ஆனால் இங்கே முதலில் வேண்டியது அது இல்லை. ஒரு ஆளுக்கு அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்கிற நேரமும், அவர் சாப்பிடுகிற எல்லாவற்றையும் சேர்த்து எழுதி வைக்கிற ஒரு தாளும் இருந்தாலே பாதிக் கெடுதலைத் தடுத்துவிடலாம். நான் ஒரு மாத்திரையையும் மாற்றுவதில்லை. நோயாளி முன்னால் டாக்டர் எழுதியதைக் குறை சொல்வதுமில்லை. துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே அனுப்புகிறேன், முடிவு அவருடையது. அப்படி இருந்ததால்தான் இப்போது அவரே கதவைத் திறந்து "இதைக் கொஞ்சம் பாரும்மா" என்று கூப்பிடுகிறார்.

அப்புறம், உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். தூக்கம் வரவில்லை என்று ஆல்ப்ரசோலம் ஆரம்பித்து வருஷக்கணக்கில் விடாமல் சாப்பிடும் பாட்டிகள் இங்கே நிறைய. திடீரென்று நிறுத்தக்கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்று எனக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும். ஆனால் கால்வாசி குறைத்ததுமே "தூக்கமே போச்சும்மா" என்று பழைய சீட்டை எடுத்துக்கொண்டு வேறு மெடிக்கலுக்குப் போய்விடுகிறார்கள். நீங்கள் எத்தனை நாளுக்கு ஒரு முறை குறைக்கிறீர்கள், முதல் நாள் உட்காரவைத்து என்ன வார்த்தை சொல்கிறீர்கள், இடையில் போன் செய்து பேசுவீர்களா, எல்லாவற்றையும் விவரமாக எழுது. நீங்கள் பயன்படுத்தும் அட்டவணை ஏதாவது இருந்தால் அதையும் அனுப்பு, நான் தமிழில் போட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் தோழி